கோணல் பட்டைப் பை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுதக் கிளம்பவில்லை. பை வாங்கத்தான் கிளம்பினேன். தினமும் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வர, கழுத்தை அறுக்காத ஒரு பை. வாங்கினோமா வந்தோமா என்று இருந்திருந்தால் இந்தக் காகிதத்துக்கு வேலையே இல்லை.

அதற்கும் முன்னால் போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. போனில் என் மனைவி.

"ஏங்க, பிளாஸ்டிக் கவர்லயா சோத்து டப்பாவைக் கொண்டுபோறீங்க?"

"யார் சொன்னா?"

"யார் சொன்னா என்ன? கவர் அறுந்து நடுரோட்டுல சோறு கொட்டிச்சாமே. கண்ணாடி எங்க வெச்சிருந்தீங்க?"

"அதே கவர்லதான்."

"மாத்திரை?"

"அதுவும்தான்."

"ஊரார் சுமையெல்லாம் தூக்கத் தெரியுது, சொந்தச் சுமைக்கு ஒரு பை வாங்கத் தெரியலை. குறுக்கால மாட்டுற மாதிரி நல்லதா ஒண்ணு வாங்குங்க. நான் வர்றப்போ அதை மாட்டிக்கிட்டுத்தான் ஸ்டேஷன்ல நிக்கணும், ஆமா."

கண்ணாடி, மாத்திரை, பை எல்லாம் காதோடு போயிற்று. 'நான் வர்றப்போ' மட்டும் உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

(என்னைக் காட்டிக்கொடுத்தது யார்? ஒட்டகம்தான். கிடங்கில் என்னோடு மூட்டை தூக்குகிறவன். வேலை முடியும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டான், அதனால் அந்தப் பெயர். அவன் வயிற்றில் தண்ணீர் தங்கும். ரகசியம் தங்காது.)

2

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று விதமாகத் தொடங்கிப் பார்த்தேன். எழுதி அடித்ததை மறைக்கவில்லை, நீங்களும் பாருங்கள்.

முதல் தொடக்கம்: "மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவன் ஒரு நாள் பை வாங்கக் கடைத்தெருவுக்குப் போனான்."

இந்த 'ஒருவன்' யார்? நான்தானே. என் சட்டையை வேறு யாரோ போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துபோகிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "என் மனைவி தையல்காரி. அவள் என்னை விட்டு

இதற்குமேல் எழுத முடியவில்லை. 'விட்டு' என்று எழுதிவிட்டால் அடுத்து 'போய்விட்டாள்' என்றுதான் வருகிறது. அவள் அப்படிப் போகவில்லை. வேலைக்குப் போயிருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைச் சொல்ல ஒரு வார்த்தை இருக்கும். எனக்கு இன்னும் வந்து சேரவில்லை.

(எனக்கு எழுத்து வந்ததும் மூக்குக்கண்ணாடி வந்ததும் ஒரே வருஷம். கிளம்புவதற்கு முன்னால், "போன்ல நான் அனுப்புறதையாவது படிக்கத் தெரிய வேணாமா?" என்று உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். ஆகவே வார்த்தை போதவில்லை என்றால் பாதிக் குற்றம் அவளுடையது.)

மூன்றாவது தொடக்கம் என் தோள். அது பரவாயில்லை. அதற்குத் தனியாக ஒரு எண் போடுகிறேன்.

3

மூட்டை தூக்குகிறவனுக்கு ஒரு தோள்தான் சம்பாதிக்கும், இன்னொரு தோள் கூட வரும். எனக்குச் சம்பாதித்தது வலது. இத்தனை வருஷத்தில் அது பாரம் வைத்த தராசுத் தட்டு மாதிரி இறங்கிவிட்டது. கடையில் வாங்குகிற எந்தச் சட்டையும் எனக்கு நிற்காது. வலது பக்கம் தொளதொள என்று வழியும், இடது பக்கம் கழுத்தைப் பிடிக்கும். புதுச் சட்டை வந்த அன்றே என் மனைவி அதன் வலது தோளைப் பிரித்துவிடுவாள். இரண்டு விரல் சரிவு வைத்து இறக்கித் தைப்பாள். அளவு நாடா எடுத்து நான் பார்த்ததில்லை.

"உங்க தோள் என் கைக்குத் தெரியும். நாடாவுக்கு என்ன தெரியும்?"

போட்டுக் கண்ணாடியில் பார்த்தால் என் இரண்டு தோளும் சமமாகத் தெரியும். சட்டையைக் கழற்றினால்தான் நான் கோணல்.

பிறகு தெருவில் தைக்கக் கொடுக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். எல்லாம் ரெடிமேட். மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள். வீட்டில் தையல் மெஷினும் நாங்கள் இரண்டு பேரும்தான். அப்போதுதான் தூரத்து ஊரில் ஒரு பைத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள், தங்க இடமும் உண்டு என்று சேதி வந்தது. போனாள். நானும் அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை போனேன். அந்த மூட்டை கனமே இல்லை. இன்னும் கொஞ்சம் கனமாக இருந்திருக்கலாம், மெதுவாக நடந்திருப்பேன்.

அங்கே அவளுக்குக் கொடுத்த வேலை, தோளில் மாட்டுகிற பட்டையைப் பையோடு சேர்த்துத் தைப்பது. முனையை வைத்து ஒரு சதுரம், சதுரத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. நாள் முழுக்க அதேதான். ஆனால் அவள் தைத்த பட்டை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. எத்தனை தடவை பிரித்துத் தைத்தாலும் அதே சாய்வு. அவளுடைய வரிசைக்குப் பொறுப்பாக இருந்த அம்மாளை எல்லோரும் லைன் அக்கா என்பார்களாம். அந்த அம்மாள் பையைத் தூக்கிக் காட்டிக் கத்தினாளாம்.

"யாருக்கம்மா தெக்கிற? ஒரு பக்கம் சாஞ்சவனுக்கா?"

இதை என்னிடம் சொல்லிவிட்டுப் போனில் அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "ஆமான்னு சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துடுச்சுங்க. உங்க தோளாலதான் எனக்குத் தினம் திட்டு."

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு வலது தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அங்கே, நான் இல்லாத ஊரில், அவள் கை இதை மறக்காமல் வைத்திருக்கிறது. திட்டு வாங்கிக்கொண்டு வைத்திருக்கிறது.

4

இனி கடை.

தொழிற்சாலை வேண்டாம் என்று தள்ளிய பைகள் மூட்டை மூட்டையாகக் கட்டி வரும். எங்கள் கிடங்கில்தான் இறங்கும். அங்கிருந்து கடைத்தெருவின் கடைசியில் இருக்கிற 'செகண்ட்ஸ்' கடைக்குப் போகும். மூட்டை மேல் ஊர்ப் பெயர் மையால் எழுதியிருக்கும். எழுத்து வந்த பிறகு நான் அதைப் படிக்க ஆரம்பித்தேன். அவள் இருக்கிற ஊர்ப் பெயர் போட்ட மூட்டை வந்தால் மற்றவனைத் தொடவிட மாட்டேன். ஒட்டகத்துக்கு அது புரியாது. "அண்ணே, அதுக்கென்ன தனிக் கூலியா தர்றாங்க?" என்பான்.

கடைக்குப் போனபோது அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிப்போயிருக்கக் கூடாது.

கடைக்காரர் வாய் ஓயாத மனுஷன். "வாங்கண்ணே! ஸ்லிங் பேக்கா? இது பாருங்க, மழை இறங்காது. இது அஞ்சு அறை. இது போன் வைக்க, இது சாவி வைக்க."

"இந்த அறை எதுக்கு?"

"அதுவா... சும்மா வெச்சிருக்கான்."

நான் ஒவ்வொரு பையாக எடுத்து, உள்பக்கம் புரட்டி, பட்டை சேருகிற இடத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். நேர். நேர். நூல் விட்டது. நேர். ஜிப் பல் போனது, ஆனால் பட்டை நேர்.

கடைக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். "அண்ணே, பை வாங்க வந்தீங்களா, பைக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா? ஜாதகம் வேணும்னாலும் சொல்லுங்க, தேடித் தர்றேன்."

ஒட்டகம் சிரித்தான். "நாம சுமக்காத பாரமாண்ணே? இந்தப் பைக்குப் போய் இவ்வளவு சொகுசு கேக்குதே உனக்கு."

அவனுக்குத் தெரியாததில்லை. அவன் தோளும் இப்படித்தான். நேர்ப் பட்டை வைத்த பையை எங்களுக்குக் குறுக்காக மாட்டினால், உயர்ந்த இடது தோளில் நிற்காமல் கழுத்துப் பக்கம் சறுக்கி, விளிம்பு சதையில் பதியும். வெறும் பையில் தெரியாது. தூக்காமல் பார்த்தால் எல்லாப் பையும் நல்ல பைதான். அதனால் சோற்று டப்பா, தண்ணீர்ப் பாட்டில், துண்டு எல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். அதை ஒவ்வொரு பையிலும் போட்டு மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து திரும்பினேன்.

"அண்ணே, ஒவ்வொரு தடவையும் நீங்க திரும்பி வருவீங்களான்னு எனக்குப் பக்குன்னு இருக்கு" என்றார் கடைக்காரர்.

குவியலின் அடியில் அது இருந்தது. மண் நிறம். விசேஷம் ஒன்றும் இல்லை. புரட்டினேன். சதுரமும் பெருக்கல் குறியும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

இரண்டு விரல்.

டப்பாவைப் போட்டு மாட்டினேன். பட்டை கழுத்துக்குப் போகவில்லை. தோளிலேயே படுத்தது. பழகின கை வந்து தோளில்

இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்தால் ஒட்டகம் கேலி பண்ணுவான். நீங்கள் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு வாருங்கள், போதும்.

"அது வேணாம்ணே, தையல் கோணல். வேற தர்றேன்" என்றார் கடைக்காரர்.

"இதுதான் வேணும்."

கடைக்காரரை முதலில் பேராசைக்காரராக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டுமே என்று. மனசு கேட்கவில்லை, அடித்துவிட்டேன். இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. தூரம் மட்டும்தான் இருக்கிறது, அதைப் பிடித்துத் திட்ட முடியாது.

5

இதுவரைக்கும் எழுதியதைச் சாப்பாட்டு வேளையில், மூட்டை அடுக்கின் நிழலில் உட்கார்ந்து ஒட்டகத்துக்குப் படித்துக் காட்டினேன். அவன்தான் என் முதல் விமர்சகன்.

"நான் ஏன்ணே கதையிலயும் ஒட்டகம்? ஒரு நல்ல பேரு வெக்கக் கூடாதா?"

"நல்ல பேரு வெச்சா உன்னை யாருக்கும் அடையாளம் தெரியாதுடா."

"சரி விடு. ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. அது அண்ணி தெச்ச பைதான்னு உனக்கு எப்படித் தெரியும்? உலகத்துல கோணலாத் தெக்கிறவ ஒருத்திதானா?"

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"புதுசா வேலைக்கு வந்த பொண்ணு எவளாவது தூக்கத்துல தெச்சிருப்பா. நீ அதை மாட்டிக்கிட்டு..."

"வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு."

அவன் கேட்டது நியாயம்தான். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, அவளிடமே கேட்பது. அடுத்த ஞாயிறு கேட்டுவிடலாம் என்று பையை மடியில் வைத்துக்கொண்டு போனுக்காகக் காத்திருந்தேன்.

6

"பை வாங்கிட்டீங்களா?"

"வாங்கிட்டேன்."

"தோளுக்கு ஒத்து வருதா?"

"வருது. அது வந்து..."

"இருங்க, நான் ஒண்ணு சொல்லணும்." குரலில் ஒரு துள்ளல். "என் கை நேராயிடுச்சுங்க! இப்பல்லாம் நான் தெச்ச பை ஒண்ணுகூடத் திரும்பி வர்றதில்லை. லைன் அக்கா மகன் வீட்டோட போறாங்களாம். அந்த இடத்துக்கு என்னைப் பொறுப்பா இருக்கச் சொல்றாங்க."

"அப்படியா!"

"இருந்தா இங்கயேதான் இருக்கணும். வருஷத்துக்கு ஒருதரம் வர்றதுகூடக் கஷ்டம். வேணாம்னா கிளம்பி வந்துடலாம். லீவு குடுத்திருக்காங்க, யோசிச்சுட்டு வான்னு."

"நீ என்ன நினைக்கிற?"

"வந்து சொல்றேன்."

நான் "நல்லது" என்றேன். அதைவிட நல்ல வார்த்தை அந்த நேரத்தில் வரவில்லை. மடியில் பை இருந்தது. கோணல் பட்டை என் விரலுக்கு அடியில் இருந்தது. இது உன் கை தைத்ததா என்று கேட்கவில்லை. நேரான கையைப் பற்றி ஒருத்தி சந்தோஷப்படும்போது, கோணலாக இருந்ததே அந்தக் கை, அது எங்கே போயிற்று என்று எப்படிக் கேட்பது?

அவளை யாரும் இதுவரை எதற்கும் பொறுப்பாக இருக்கச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. ஆகவே அவள் அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. வந்துவிட வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தோளில் தூக்கிக்கொண்டு இந்த வாரம் முழுக்க நடக்கிறேன்.

7

நாளைக் காலை அவள் வருகிற ரயில். அதற்குள் இதை முடித்துவிட நினைத்தேன். முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) ஸ்டேஷனில் பையைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்து கண்கலங்குகிறாள். "இது நான் தெச்சதுங்க!" — இல்லை. அவள் ஸ்டேஷனில் அழுகிற ஆள் இல்லை. முதலில் "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்பாள், அடுத்து "சாப்பிட்டீங்களா?" என்பாள். பைக்கு முறை வர மத்தியானம் ஆகிவிடும்.

(ஆ) அவள் பையைக் கவனிக்கவே இல்லை. லீவு முடிந்து போய்விடுகிறாள். — இது நடக்கக் கூடியதுதான். அதனால்தான் இதை நீட்டி எழுத மாட்டேன்.

(இ) வீட்டுக்கு வருகிறாள். கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்து பையை வாங்கிப் பார்க்கிறாள். தையல்காரி எதைக் கையில் வாங்கினாலும் முதலில் உள்பக்கம்தான் பார்ப்பாள்.

"எவ தெச்சா இதை? இவ்வளவு கோணலா?"

"எனக்கு இதுதான் ஒத்து வந்துச்சு."

"இப்ப ஒத்து வரும். கனம் ஏற ஏற ஒரு பக்கமா இழுத்து அறுந்துடுங்க. நடுரோட்டுல சோறு கொட்டினது போதாதா? கொண்டாங்க, பிரிச்சு நேராத் தெச்சுத் தர்றேன்."

பழைய மெஷின் பெட்டியிலிருந்து நூல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுக்கிறாள். பை அவள் மடியில். கத்தி முனை முதல் தையலுக்கு அடியில் நுழைகிறது. நுழைந்ததும் கை நிற்கிறது. நிமிர்ந்து பார்க்கிறாள். என் முகத்தை இல்லை. வலது தோளை. பிறகு

பிறகு எனக்குத் தெரியாது. பிரித்துவிட்டால் போய்விடுவாள், பிரிக்காவிட்டால் இருந்துவிடுவாள் என்று எழுதலாம். வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மனுஷர்கள் அப்படி இல்லை. பையை நேராகத் தைத்துக் கொடுத்துவிட்டு இங்கேயே இருக்கவும் இருப்பாள். கோணலைத் தொடாமல் மாட்டிவிட்டு ரயில் ஏறவும் ஏறுவாள்.

இப்போது ஞாயிறு மத்தியானம். பை ஆணியில் தொங்குகிறது. கண்ணாடியை இதை எழுதி முடித்ததும் உள்ளே வைப்பேன். மாத்திரை வைத்தாகிவிட்டது. கடைக்காரருக்கே எதற்கென்று தெரியாத அந்த அறை மட்டும் காலியாக இருக்கிறது. இந்தக் காகிதங்களை மடித்து அதில் வைக்கப்போகிறேன். நாளை மாத்திரை சாப்பிட்டேனா என்று பார்க்க அவள் பையைத் துழாவுவாள், நிச்சயம். அப்போது கைக்குச் சிக்கும்.

முடிவை வாசிக்கிறவரிடம் விட்டுவிடலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விடுகிறேன். உங்களுக்கு முன்னால் வாசிக்கப்போகிறவள் ஒருத்தி இருக்கிறாள், அதற்கு நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவள் எழுத்து நிமிர்ந்து நிற்கும், என்னுடையது சாயும். அச்சில் வந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், நீங்கள் என்னை நம்பித்தான் ஆகவேண்டும். அடுத்த எண்ணை மட்டும் அவளுக்காகப் போட்டு வைக்கிறேன்.

8

ஏங்க, படிச்சேன். லைன் அக்கா அப்படியெல்லாம் கத்துற ஆள் இல்லை, சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அதை மாத்துங்க. கண்ணாடி போட்டுக்கிட்டுத்தானே எழுதினீங்க? வரி எல்லாம் வலது பக்கமா இறங்கிக்கிட்டே போகுது.

அது அப்படியே இருக்கட்டும்.